நூல் கட்டிய ஜாயிண்ட்

அந்த வீட்டில் பாத்திரம் கழுவுவது மீட்டர்காரர்தான். கல்யாணமான இரண்டாவது வாரத்தில், மனைவி கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு பாத்திரத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பில் விரலை ஓட்டி, பிசுக்கு போகவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அவள் கையிலிருந்த தேய்க்கும் நாரைத் தொட்டியின் ஓரத்தில் வைத்தாள், துண்டில் கையைத் துடைத்தாள், போய் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தாள். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. இன்றுவரை அந்த நாரை அவள் திரும்பத் தொடவில்லை. மீட்டர்காரர் அதைத் தன்னுடைய வெற்றி என்றுதான் இன்னமும் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அந்த வியாழக்கிழமை காலையிலும் அவர் தொட்டிக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குற்றப்பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். அடி பிடித்தது மகளின் வேலை; அடுப்பில் ஏற்றிவிட்டுப் போனைப் பார்க்கிறவள். தட்டின் ஓரத்தில் மிளகாயை வரிசையாக ஒதுக்கி வைப்பது மனைவி. முப்பத்தொரு வருஷமாக ஒதுக்குகிறாளே தவிர, ஒரு நாளாவது குறைத்துப் போட்டாளா என்றால் இல்லை. டம்ளரில் ஒரு விரல் உயரத்துக்கு டீயை மிச்சம் வைப்பது மருமகன். குடிக்கிற டீயைக்கூட முழுசாக முடிக்கத் தெரியாத ஆள்.

இதையெல்லாம் மருமகனின் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. சொல்வார், மரியாதையோடு சொல்வார். "மாப்பிள்ளை, டீ பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, செடிக்கு ஊத்திடலாம். அதுவாச்சும் வளரும்" என்பார். மாப்பிள்ளையை வாங்க போங்க என்றுதான் பேச வேண்டும் என்ற ஒழுங்கில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை. அந்த ஒரு 'ங்க'வுக்குள் எவ்வளவு விஷத்தை அடைக்க முடியும் என்பது அந்த வீட்டில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வாயில் 'நீங்க', மனசுக்குள் 'அவன்'.

வீட்டின் முன்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை. கார்களுக்கு எலெக்ட்ரிக்கல் வேலை மட்டும். மீட்டர்காரருக்கு இஞ்சின் வேலை செய்கிறவர்கள் மீது மதிப்புக் கிடையாது; சுத்தியலால் அடித்தே வாழ்க்கையை ஓட்டுகிறவர்கள் என்பது அவர் கணக்கு. ஒடுக்கு எடுக்கிற டிங்கர்கள் மீதும் கிடையாது, அவர்கள் அடிப்பதோடு நிற்காமல் பெயிண்டும் அடிக்கிறார்கள். இருபது வயதில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் வயரைத் தொட்டவர். பிறகு ஒரு பஸ் டெப்போவில் வேலை கிடைத்தது. அங்கே ஒரு பஸ்ஸுக்கு ஹாரன் அடிக்கவில்லை என்று மேஸ்திரி புது ஹாரனுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். இவர் எர்த் வயரை எடுத்துச் சுரண்டி மாட்டிவிட்டு, அதே பழைய ஹாரனை அமுக்கினார். அமுக்கிய கையை எடுக்கவில்லை. மேஸ்திரி பேனாவோடு தன் அறையிலிருந்து வெளியே வந்து நிற்கும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தார். அத்தோடு ஹாரன் பிழைத்தது, வேலை போயிற்று. அப்போது மகள் பிறந்து நாற்பது நாள். ஏன் கையை எடுக்கவில்லை என்று மனைவி ஒரே ஒரு முறை கேட்டாள். மேஸ்திரிக்குக் காது மந்தம் என்று பதில் வந்தது.

சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா குத்துகிற இடத்தில் அவருக்குக் கரண்ட் அளக்கிற மீட்டரின் சிவப்பு முனை நீட்டிக்கொண்டிருக்கும். பேர் அப்படித்தான் வந்தது. உலகத்தில் இரண்டே ஜாதி உண்டு என்பார்: அளக்கிறவன், மாத்துறவன். பழுது எங்கே என்று அளந்து பார்க்கத் துப்பில்லாமல் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்க்கிறவன்தான் மாத்துறவன். அவர் வாயில் அதைவிடக் கேவலமான வசவு இல்லை. இருமலுக்கு மூன்று மருந்து மாற்றி எழுதிய டாக்டர் மாத்துறவன். நாலு வேலை மாறிய மச்சினன் மாத்துறவன். அறுந்த வயரைச் சேர்ப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. இரண்டு முனைகளையும் சீவி, முறுக்கி, ஈயம் உருக்கி வைத்து, டேப் சுற்றி, டேப்பின் இரண்டு ஓரத்திலும் மெழுகு தடவிய வெள்ளை நூலால் இரட்டை முடிச்சுப் போடுவார். முடிச்சின் வால் ஒரு அரிசி நீளத்துக்கு மேல் இருக்காது. நூல் இருந்தால் உள்ளே ஈயம் இருக்கிறது என்று அர்த்தம். ஓவியம் வரைகிறவன் கீழே கையெழுத்துப் போடுகிற மாதிரி அது அவருடைய கையெழுத்து.

மருமகன் பெரிய கம்பெனி ஷோரூமில் வண்டியின் பழுதைப் படித்துச் சொல்கிற ஸ்கேனர் பிடித்து வேலை பார்த்தவன். ஷோரூமை மூடிவிட்டார்கள், நாலு வருஷத்துக்கு முன்னால் மாமனாரின் பட்டறைக்கு வந்து சேர்ந்தான். வந்த முதல் மாதம், ஹெட்லைட் எரியாத ஒரு காரில் இவருடைய நூல் கட்டிய ஜாயிண்ட் ஒன்றைப் பிரித்து மீட்டர் வைத்துப் பார்த்தான். ஜாயிண்டில் பழுது இல்லை. ஆனால் மீட்டர்காரர் பார்த்துவிட்டார். வண்டிக்காரர், பக்கத்து டிங்கர், டீக்கடைக்காரர் என்று நாலு பேர் நிற்க, தணிந்த குரலில் சொன்னார்: "மாப்பிள்ளை, என் ஜாயிண்ட்ல மீட்டர் வைக்கிறதும் என் கன்னத்துல கை வைக்கிறதும் ஒண்ணுதான். எதை முதல்ல செய்யணும்னு யோசிச்சுக்கோங்க." நாலு பேரும் சிரித்தார்கள். மருமகனும் சிரித்துவைத்தான். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் நூல் கட்டிய ஜாயிண்டை யாரும் தொட்டதில்லை. மீட்டர்காரருக்கு அதுவும் ஒரு வெற்றி.

அந்த மாதம் வந்த தகராறு ஒரு டாக்ஸியால் வந்தது. வெள்ளை நிற வண்டி, எட்டு வருஷத்துப் பழக்கம். ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறினால் நடு ரோட்டில் நின்றுவிடும். பத்து நிமிஷம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். பெட்ரோல் டாங்கிக்குள் இருக்கும் பம்ப் சூட்டில் மக்கர் பண்ணுகிறது என்று மருமகன் முடிவுக்கு வந்து பம்ப்பை மாற்றினான். பத்து நாள் கழித்து வண்டி மறுபடியும் நின்றது. பம்ப்புக்குக் கரண்ட்டைத் திறந்து விடுகிற ரிலேயை மாற்றினான். அன்று மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மீட்டர்காரர் சாப்பாட்டு மேஜையில் பேசிய பேச்சை யாரும் மறக்கவில்லை. பம்ப் ஆச்சு, ரிலே ஆச்சு, அடுத்தது டிரைவரை மாத்திப் பார்க்கலாம் என்றார். பழசைக் கழற்றிப் புதுசைப் போடுவதற்கு ஸ்கேனர் எதற்கு, ஸ்பேனர் போதுமே என்றார். மருமகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பதில் சொல்லாதது இவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்ப, தவளை தன் வாயால் கெடும் என்கிற மாதிரி கடைசியில் அந்த வாக்கியமும் வந்து விழுந்தது.

"இன்னொரு தடவை அந்த வண்டி கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்துச்சுன்னா, கடைச் சாவியை இந்த மேஜை மேல வச்சிடுங்க மாப்பிள்ளை."

மகள்தான் பதில் சொன்னாள். அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அப்பாவின் வாயும் அம்மாவின் பொறுமையும் ஒன்றாகச் சேர்ந்த பிறவி. "சாவி மட்டும் வராதுப்பா. நாங்களும் போயிடுவோம். லேப் பக்கத்துல ரெண்டு ரூம் காலியா இருக்கு, பாத்துட்டு வந்துட்டேன்" என்றாள், உப்பை எடுங்கள் என்பது போல.

மாடியில் அவர்கள் இருக்கும் அறையை மீட்டர்காரர்தான் வயரிங் செய்தார். கட்டிலில் படுத்தபடியே விளக்கை அணைக்க ஒரு சுவிட்ச், மகள் துணிக்கு இஸ்திரி போடும் இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பிளக். அந்த அறை இருட்டாகக் கிடப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் சொன்ன சொல்லை வாபஸ் வாங்குகிற பழக்கமும் இல்லை. ஆகவே பதினைந்து நாட்களாக அவர் ரகசியமாக வேண்டிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: மருமகன் குருட்டாம்போக்கில் மாற்றிய அந்த ரிலேயாவது சரியாக இருந்துவிட வேண்டும். ஒரு மாத்துறவன் ஜெயிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது வாழ்க்கையில் அது முதல் தடவை.

கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்தபோது வாசலில் கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியின் சத்தம் கேட்டது. செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமலே மனைவி சொன்னாள், "வந்தாச்சு."

வெளியே டாக்ஸி டிரைவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை, இந்த முறை பின்சீட்டில் ஸ்டேஷனுக்குப் போகிறவர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாராம். ரயில் போய்விட்டதாம். அதை டிரைவர் கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மருமகன் பேனட்டைத் திறக்கப் போனான்.

"நீங்க உட்காருங்க மாப்பிள்ளை. உங்ககிட்ட வேலையைக் கொடுத்தா கடையில புது பார்ட் மிச்சம் இருக்காது" என்றார் மீட்டர்காரர்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க டிங்கரும் டீக்கடைக்காரரும் வந்துவிடுவார்கள். அவருக்கும் அது தெரியும். கொஞ்சம் குரலை உயர்த்தியே செய்வார். ரிலேயைப் பிடுங்கி, அது இருந்த சாக்கெட்டில் பேட்டரியிலிருந்து கரண்ட் வருகிற துளையையும் பம்ப்புக்குப் போகிற துளையையும் ஃபியூஸ் வைத்த ஒரு துண்டு வயரால் இணைத்தார். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் முனகத் தொடங்கியது. இதை இப்படியே விட்டுவிட்டுச் சரியாகிவிட்டது என்று வண்டியைக் கொடுத்து அனுப்புகிற மகான்களும் இந்தத் தெருவில் உண்டு என்று டிங்கரின் தம்பி கடை இருக்கும் திசையைப் பார்த்துச் சொன்னார். பிறகு பின்சீட்டைத் தூக்கி, பம்ப்பின் இணைப்பைக் கழற்றாமல், அதன் முதுகுப்பக்கமாக மீட்டரின் முனைகளை நுழைத்தார்.

"நீங்க எப்படிப் பாத்தீங்க மாப்பிள்ளை?"

"கனெக்டரைக் கழட்டிட்டுப் பாத்தேன் மாமா. பன்னெண்டு வந்துச்சு."

"வரும். சும்மா நிக்கிற வயர் பன்னெண்டு காட்டத்தான் செய்யும். வேலை கொடுக்காத வரைக்கும் எல்லாருமே நல்லவங்கதான்." டீக்கடைக்காரர் முதலில் சிரித்தார். "பம்ப் ஓடணும். ஓடும்போது பாக்கணும். தரைக் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாத்தீங்களா?"

"தூக்கினேன் மாமா."

"தூக்கி?"

மருமகன் வெளிச்சத்துக்குப் பிடித்திருந்த விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தான். கார்ப்பெட்டைத் தூக்கி, மறுபடி விரித்துப் போட்டிருப்பான், பாய் தட்டுகிற மாதிரி, என்று மீட்டர்காரர் நினைத்துக்கொண்டார்.

இருபது நிமிஷம் பம்ப்பை ஓடவிட்டார். யாரையும் போகவிடவில்லை. மீட்டரை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஜன்னல் விளிம்பில் தொங்கவிட்டிருந்தார். முதலில் பதினொன்றரை. பிறகு பதினொன்று. பம்ப்பின் முனகல் மெலிய மெலிய எண்ணும் இறங்கிக்கொண்டே வந்தது. பத்து. ஒன்பது. எட்டில் வந்து நின்றபோது பம்ப், சளி பிடித்தவன் தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. மீட்டரை ரிலே சாக்கெட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே பன்னிரண்டு குறையாமல் இருந்தது.

"இங்கே பன்னெண்டு புறப்படுது. அங்கே எட்டுதான் போய்ச் சேருது. நடுவுல நாலை எவனோ உக்காந்து தின்னுட்டிருக்கான்" என்றார். "புது பம்ப் வாங்கிக் கொடுத்தாலும் அதுக்கும் அதே எட்டுதான். பட்டினி போட்டுட்டு, பிள்ளை ஓடமாட்டேங்குதுன்னு பிள்ளையை மாத்தினாராம் எங்க மாப்பிள்ளை."

முன்சீட்டின் பக்கவாட்டில் கார்ப்பெட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டார். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. வயரைத் தடவிப் பார்க்கக் கண்ணாடி எதற்கு என்பது அவர் கட்சி. வயர்க் கட்டின் மேல் விரல்கள் ஒரு சாண் போயிருக்கும், நின்றன. ஒரு இடம் சுட்டது. அந்த ஒரு விரற்கடை மட்டும், இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி. அவர் முகம் மலர்ந்துவிட்டது. சாக்கெட்டிலிருந்த துண்டு வயரை உருவி பம்ப்பை நிறுத்தி, கட்டரால் இரண்டு பக்கமும் வெட்டி அதை வெளியே எடுத்தார். கறுத்து, டேப் உருகிப் பிசுபிசுவென்று இருந்தது. கட்டரின் நுனியால் டேப்பைக் கீறினார். உள்ளே பச்சை பூத்த செம்புக் கம்பி வெறும் முறுக்கலாக நின்றது. ஈயம் ஒரு பொட்டு இல்லை.

அவருக்கு இது மாதிரி ஒரு சந்தோஷம் வருஷத்துக்கு ஒரு முறைதான் கிடைக்கும். அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பேசினார். இதை முறுக்கியவனுக்கு ஐந்து விரல் கொடுத்தது வீண் என்றார். துணி பிழிகிறவன்கூட இதைவிட ஒழுங்காக முறுக்குவான் என்றார். வேலை தெரியாதவனை மன்னிக்கலாம், தெரிந்த மாதிரி டேப்பைச் சுற்றி மறைத்து வைக்கிறவன் இருக்கிறானே, அவனைக் கூப்பிட்டு இந்தக் கம்பியாலேயே கையைக் கட்ட வேண்டும் என்றார். பேசும்போது பார்வை அவ்வப்போது மருமகனிடம் போய் வந்தது. விளக்கைப் பிடித்திருந்தவன் அதைப் பிடித்தபடியே நின்றான்.

டிரைவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். "பாத்தா அக்கறையா செஞ்ச மாதிரி இருக்குதேண்ணே. ஓரத்துல நூல்லாம் கட்டியிருக்காங்களே" என்றார்.

மீட்டர்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

அழுக்கில் பழுப்பேறியிருந்தாலும் நூல் நூல்தான். இரட்டை முடிச்சு. ஒரு அரிசி நீள வால். எல்லாம் ஒரே நொடியில் நினைவுக்கு வந்தது. எலி கடித்த வயர். இந்த டிரைவர் வண்டி வாங்கிய புதிது. கரண்ட் போய் ஈயக்கோல் சூடாகாத ஒரு மத்தியானம். விமானத்துக்கு ஆளை ஏற்ற வேண்டும் என்று டிரைவர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றது. இப்போதைக்கு முறுக்கி விடுகிறேன், நாளைக்கு வா, ஈயம் வைத்துத் தருகிறேன் என்று சொன்னது. பழக்கத்தில் கை நூலைக் கட்டியது. வண்டி ஓடியது, டிரைவர் வரவில்லை, இவரும் மறந்துபோனார்.

கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது பட்டறையின் சட்டம். அவர் போட்ட சட்டம்தான். அன்று வெட்டி எடுத்த வயர்த் துண்டை மீட்டர் முனைக்குப் பக்கத்தில், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். புது வயர் வைத்து, ஈயம் உருக்கி ஊற்றி, டேப் சுற்றினார். நூல் உருண்டையை எடுத்தவர் அதைத் திரும்ப டப்பாவில் வைத்தார். பம்ப்பை ஓடவிட்டு அளந்தார். பதினொன்றே முக்கால், அரை மணி நேரம் கழித்தும் அதே பதினொன்றே முக்கால்.

"யாருண்ணே அதைப் போட்டது?" என்று டிரைவர் கேட்டார். "எட்டு வருஷமா நான் வேற எங்கேயும் வண்டியைத் திறந்ததில்லையே."

மீட்டர்காரர் சாவியைக் கொடுத்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார். டிரைவர் அவரைப் பார்த்தார், பிறகு மருமகனைப் பார்த்தார், தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். நல்ல மனுஷர். "விடுங்கண்ணே. சின்னவரும் போகப் போகக் கத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

திருத்துவதற்கு நேரம் இருந்தது. டிரைவர் கதவைச் சாத்தி, பெல்ட்டை இழுத்து மாட்டி, கண்ணாடியைச் சரிசெய்து, கிளம்பும்வரைக்கும் இருந்தது. டிங்கர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். டீக்கடைக்காரர் மருமகனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மீட்டர்காரர் கட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மகள் லேபிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கு மருமகன் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு பெட்டி மாடியிலிருந்து இறங்கி வந்து சோபா ஓரத்தில் நின்றது, காய்ந்த துணிகளை அவள் மடித்து மடித்து அதற்குள் அடுக்கினாள். மேஜையின் நடுவில் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் கடைச் சாவி இருந்தது. நாலு பேரும் சாப்பிட்டார்கள். மகள் சீக்கிரம் முடித்துவிட்டுத் துணி மடிக்கத் திரும்பினாள்; மருமகன் பாதியில் நிறுத்தியிருந்தான். மிளகாய்கள் மனைவியின் தட்டில் வரிசையாகச் சேர்ந்துகொண்டிருந்தன.

மீட்டர்காரர் தொண்டையைச் செருமினார். சாவியை விரலால் மருமகன் பக்கம் ஓர் அங்குலம் நகர்த்தினார்.

"சரி, போகட்டும் மாப்பிள்ளை. சாவியை எடுத்துக்கோங்க. வண்டிதான் சரியாயிடுச்சே. இந்தத் தடவை விட்டுடறேன்" என்றார். சொல்லும்போது அவருக்கே தான் பெருந்தன்மையாக நடந்துகொள்கிற மாதிரி ஒரு எண்ணம் வந்துவிட்டது.

மகள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. மருமகன்தான் தலையைத் தூக்கினான். நாலு வருஷத்தில் அவன் மாமனாரை நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான் என்று சொல்லலாம்.

"மாமா, அந்தத் துண்டை நீங்க டிரைவர்கிட்ட கொடுக்கவே இல்லையே" என்றான்.

மனைவி நிமிர்ந்து கணவனின் சட்டைப் பையைப் பார்த்தாள். பை கறுப்பாகக் கறை பிடித்திருந்தது. அவள் கையை நீட்டவில்லை, கேட்கவும் இல்லை; சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி அறையிலிருந்து வெளியே வரும்வரைக்கும் ஹாரனிலிருந்து எடுக்காத அந்தக் கையால் மீட்டர்காரர் துண்டை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். நூலை அந்த வீட்டில் யாருக்கும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. உருண்டை உருண்டையாக அதை வாங்கி வருகிறவளே மனைவிதான்.

"நான் போட்டதுதான். கரண்ட் இல்லாத நாள்" என்றார்.

"தெரியும் மாமா" என்றான் மருமகன்.

"எப்போ தெரியும்?"

"முதல் தடவை கார்ப்பெட்டைத் தூக்கினப்பவே. நூலைப் பாத்தேன், மூடிட்டேன். உங்க ஜாயிண்ட்ல என்ன கோளாறு இருக்கப்போகுதுன்னு பம்ப்பை மாத்தினேன். ரெண்டாவது தடவை சந்தேகம் வந்துச்சு. பிரிக்கலாம்னு கையும் போச்சு." அவன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டினான். "இது நினைப்பு வந்துச்சு. ரிலேயை மாத்தினேன்."

"இன்னைக்காவது சொல்லியிருக்கலாமே? அத்தனை பேருக்கு முன்னாடி நான் பேசிட்டிருந்தப்போ?"

"இன்னைக்கு, நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்."

குரலில் சூடு இல்லை. மரியாதைக்கும் குறைவில்லை, 'நீங்க'வெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. மீட்டர்காரருக்கு அந்த 'ங்க' எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்றாள் மனைவி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு மருமகன் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தில் இலேசாக ஏதோ மலர ஆரம்பித்திருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. "உங்களையும்தான் சொல்றேன் தம்பி. இவருக்குத் தன் கௌரவம் பெரிசு, உங்களுக்கு உங்க பயம் பெரிசு. ரெண்டுக்கும் நடுவுல அந்த மனுஷன் மூணு தடவை ரோட்டுல நின்னாரு. ஒருத்தருக்கு ரயிலும் போச்சு. நல்ல பட்டறை நடத்துறீங்க ரெண்டு பேரும்."

முகம் மலர்வது நின்றது.

மீட்டர்காரர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சை பூத்த கம்பி. கையெழுத்து மட்டும் எட்டு வருஷம் கழித்தும் அவிழாமல் இருந்தது. முடிச்சு நல்ல முடிச்சுதான், அதில் குறை சொல்ல முடியாது என்று தோன்றியது. இந்த நேரத்தில் இப்படித் தோன்றுகிறதே என்று தன் மேலேயே ஒரு அருவருப்பும் வந்தது. சாயங்காலம் டிரைவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னார். அந்தப் பழைய பம்ப்பில் பழுது இருந்ததா என்றும் பார்த்துவிட்டு, இல்லையென்றால் புது பம்ப்புக்கும் ரிலேவுக்கும் ஆனது தன் பொறுப்பு என்றார். டிங்கரிடமும் டீக்கடைக்காரரிடமும் சொல்வதாகச் சொல்லவில்லை. வாய்வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை.

மகள் பெட்டியின் ஜிப்பை இழுத்தாள். பாதியில் ஒரு துணி மாட்டிக்கொண்டது. அதை விடுவித்துவிட்டு மறுபடி இழுத்தாள்.

"மாப்பிள்ளை" என்றார் மீட்டர்காரர். அடுத்து என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷமாக அடுத்தவனைப் பற்றிப் பேசியே பழகிய வாய். "நாளைக்குக் காலையில ஒரு வண்டி வருது. ஏசி வேலை. அதுக்கு உங்க ஸ்கேனர் இல்லாம ஆகாது. கடையை யார் திறக்கறது?"

மருமகன் சாவியைப் பார்த்தான், எடுக்கவில்லை. மகள் பெட்டியை நிமிர்த்தி நிறுத்தினாள். மனைவி கடைசி மிளகாயை வரிசையில் சேர்த்தாள். ஜாடிக்குள் தண்ணீர் அசையாமல் இருந்தது. யாராவது இருமினால்கூடப் பதிலாக எடுத்துக்கொள்கிற மாதிரி அவர் காத்திருந்தார். யாரும் இருமவில்லை.

எழுந்து தட்டுகளை எடுத்தார். தன்னுடையது, மனைவியுடையது, மகளுடையது. மருமகனின் தட்டுக்குக் கையை நீட்டினார். அவன் அதன் விளிம்பில் வைத்திருந்த விரல்களை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கையை அப்படியே நீட்டி வைத்திருந்துவிட்டு, மீட்டர்காரர் மூன்று தட்டுகளோடு சமையலறைக்குப் போனார்.